கிழக்குப் பார்த்த வீடு

எங்கள் வீட்டை வாங்கவைத்தது நான்தான். இதைப் பல வருடம் யாரிடமும் சொல்லாமல், உள்ளுக்குள் ஏகப்பட்ட பெருமையோடு வைத்திருந்தேன். பத்து வயதில் ஒரே ஒரு வார்த்தை பொய் சொல்லி ஒரு குடும்பத்தையே ஒரு தெருவில் குடிவைத்தவள் என்றால் சும்மாவா?

அதுவரை நாங்கள் நியூஜெர்சியில், ஐசலினில், ஒரு வாடகை அபார்ட்மென்டில் இருந்தோம். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் டெஸ்டுக்கு மூன்று தடவை போய் மூன்று தடவையும் தோற்றாள். நாலாவது தடவை அப்பா தேதி வாங்கிக் கொடுத்தும் போக மறுத்துவிட்டாள். ஐசலினில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. என்னை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அப்படியே நடந்தால் காய்கறிக்கடை, லைப்ரரி, பிளவுஸ் தைக்கிற ஆன்ட்டி வீடு என்று எல்லாம் கால் போகிற தூரத்தில் இருந்தன. எதற்கும் யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் பகல் பொழுதைத் தானே நடத்திக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் ஆபீஸ் டெக்சாஸுக்கு மாறியபோது பிளானோவில் வீடு பார்க்கவேண்டி வந்தது. அப்பா எதையும் எக்செல்லில் போடாமல் முடிவு செய்யமாட்டார். பள்ளிக்கூடம் எப்படி, ஆபீஸுக்கு எத்தனை நிமிடம், கூரைக்கு என்ன வயது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. அந்த ஊரில் ஆலங்கட்டி மழை வந்தால் கூரையைத்தான் முதலில் பதம் பார்க்குமாம். கடைசிப் பத்தி மட்டும் சிவப்பு நிறத்தில் இருந்தது. அது திருப்பூரிலிருந்து பெரியப்பா போட்ட உத்தரவு.

“எந்த ஊர்ல வேணாலும் வாங்கிக்க சாமி. வாசப்படி மட்டும் கெழக்கப் பாத்து இருக்கோணும்” என்று போனில் சொல்லியிருந்தார். அவர் ஒருமுறை மேற்குப் பார்த்த கட்டடத்தில் கம்பெனி வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “வீடு சின்னதா இருந்தாலும் பரவால்ல. நான் நடந்து போய் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வர்ற மாதிரி இருக்கணும்.”

“அங்கெல்லாம் யாரும் நடக்க மாட்டாங்கம்மா. நீயும் டிரைவ் பண்ணக் கத்துக்குவ” என்றார் அப்பா. அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் எக்செல்லில் அதற்கு ஒரு பத்தி சேரவில்லை.

ஜூன் விடுமுறையில் ஒரு வாரம் ஹோட்டலில் தங்கி வீடு பார்த்தோம். வீடு காட்டக் கூட்டிப்போன ரியல்டர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர். கடை எவ்வளவு தூரம் என்று அம்மா எங்கே கேட்டாலும் ஐந்து நிமிடம் என்பார். அந்த ஊரில் ஐந்து நிமிடம் என்றால் காரில் ஐந்து நிமிடம். நடந்தால் ஒரு மணி நேரம், அதுவும் நடைபாதை இருந்தால். இரண்டாம் நாளோடு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். ஹோட்டல் அறையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஆறு வரிசையில் ஓடும் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது என்னவோ போலிருக்கும். ஆனால் டிவியைப் போட்டதும் மறந்துவிடும்.

திசை பார்க்கும் அதிகாரி நான். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்பாவின் போனில் இருக்கும் காம்பஸைப் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த ஊர்த் தெருக்கள் முறுக்குப் பிழிந்ததுபோல் வளைந்து வளைந்து போகும், மூன்று திருப்பத்துக்குள் எது எந்தப் பக்கம் என்று தலை சுற்றிவிடும். அதனால் அப்பா காம்பஸை மட்டும்தான் நம்பினார். நானும் நேர்மையாகவே சொன்னேன். ஒன்பது வீடுகள் என் வாயால் விழுந்தன.

பத்தாவது வீட்டுக்கு ஒரு காலை பத்து மணிக்குப் போனோம். சுமாரான மாடி வீடு. பின்பக்கம் வேலிக் கதவைத் திறந்தால் ஒரு சிமென்ட் பாதை, இரண்டு வீட்டு மதில்களுக்கு நடுவே புகுந்து போனது. நாங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா அந்தப் பாதையில் போய்விட்டாள். கால் மணி கழித்துத் திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கட்டு கொத்தமல்லி இருந்தது. பாதை முடிகிற இடத்தில் நம்மவர் மளிகைக்கடை ஒன்றும் அதற்கு எதிரே லைப்ரரியும் இருக்கிறதாம். முகமெல்லாம் பல்லாக நின்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

எனக்கு அதெல்லாம் முக்கியமில்லை. பக்கத்து வீட்டுப் புல்வெளியில் ஒரு டிராம்பொலின் இருந்தது. அதில் என் வயதுப் பெண் ஒருத்தி எம்பி எம்பிக் குதித்தபடி, ஒவ்வொரு குதிப்புக்கும் மதிலுக்கு மேலே வந்து எனக்குக் கையாட்டினாள்.

அப்பாவுக்கும் திருப்திதான். சிவப்புப் பத்தி மட்டும் பாக்கி. வாசலில் இன்னொரு குடும்பம் வீட்டைப் பார்க்கக் காரில் காத்திருந்தது. அப்பா தெரு ஓரத்து வெயிலில் நின்று, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கே விலை சொல்லி ஆஃபர் கொடுப்பதைப் பற்றி ரியல்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். யார் வீடானாலும் செருப்போடு உள்ளே போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் நான் வெறுங்காலோடு வாசல்படியில் நின்றேன். படி காலுக்குச் சில்லென்று இதமாக இருந்தது. காம்பஸைப் பார்த்தேன். முள் ஆடி ஆடி நின்றது. மேற்கு. அச்சு அசல் மேற்கு.

“பாப்பா, என்ன காட்டுது?” என்றார் அப்பா.

“ஈஸ்ட், அப்பா” என்றேன்.

சொன்ன பிறகுதான் அம்மா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்பது தெரிந்தது. காம்பஸ் இன்னும் என் உள்ளங்கையில் மேற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அம்மா எங்கோ தெருவைப் பார்த்தபடி, “போன் எப்படிச் சுடுது பாரு, வெயில்ல கெட்டுப் போயிடும்” என்று என் கையிலிருந்து அதை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே ஆஃபர் போனது, வீடு எங்களுடையதானது.

ஆகஸ்டில் குடிவந்த முதல் நாள் சாயங்காலம், வாசல் கதவுக் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்து சமையலறை வரைக்கும் நீண்டது. கையில் அட்டைப்பெட்டியோடு அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியைக் கீழே வைத்தார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் மாடிப்படி வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“மேற்கு” என்றார் அப்பா, திரும்பி வந்து.

“கேரேஜ் கதவு இரும்பாச்சே. அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தா முள்ளு தப்பாத்தான் காட்டும், அவ என்ன பண்ணுவா பாவம்?” என்றாள் அம்மா. “உங்க ராசிக்கு மேற்கு வாசல்தான் ரொம்ப நல்லதாம். ஊர் ஜோசியர்கிட்ட அப்பவே கேட்டேன்.”

அப்பா கீழே வைத்த பெட்டியைத் தூக்கிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார். அப்புறம் பெரியப்பாவுக்குப் போன் போட்டார். “கிழக்குதாங்கண்ணா, அம்சமா இருக்குது” என்று அவர் சொன்னதைக் கேட்டபோது, பொய் சொல்வதில் நான் தனியாள் இல்லை என்று பெரிய ஆறுதலாக இருந்தது.

டிராம்பொலின் பெண் விடுமுறைக்கு வந்த விருந்தாளி என்பது மறுநாள் தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை பொய் வீணாகப் போயிற்று. அம்மா மட்டும் தினமும் காலையில் துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்கதவு வழியாகக் கிளம்பிவிடுவாள். ஒரே மாதத்தில் அந்தக் கடைக்காரர் குடும்பத்தில் யாருக்கு எப்போது கல்யாணம் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் செய்த தப்பால் அம்மாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றுமே தெரியாத அப்பாவி அம்மா.

போன ஜூன் மாதம் நான் அங்கே போயிருந்தேன். எனக்கு இப்போது வேறு ஊரில் வேலை. நான் வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. அம்மா கடைக்குப் போயிருந்தாள், கதவு பூட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. படி சில்லென்று இருந்தது. என் தலைக்கு மேலே எழுந்து நின்ற வீட்டின் நிழல் படியைத் தாண்டி, பாதிப் புல்வெளி வரை விழுந்து கிடந்தது. கிழக்குப் பார்த்த வீட்டு வாசலில் காலை பத்து மணிக்கு ஏது நிழல்?

அன்றைக்கும் நான் இதே நிழலில்தான் நின்றேன். அம்மாவும் நின்றாள். காதிலிருந்து போனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அது சுடவே இல்லை.