மடக்காத விரல்

பரிணாமப் பாடம் நடத்தும்போது பிளஸ் டூ பிள்ளைகளிடம் நான் வழக்கமாக ஒன்று சொல்வேன். காட்டில் பொறுக்கித் தின்று வாழ்ந்த காலத்தில், குழந்தைகள் தாயிடம் கற்றதைவிடத் தங்களுக்கு இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளைகளோடு திரிந்து கற்றதுதான் அதிகமாக இருக்கும் என்பேன். வகுப்பில் நின்று சொல்லும்போது அது நியாயமாகத்தான் இருக்கும். என் மகள் அப்படிக் கற்க ஆரம்பித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு எட்டு வயது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினொன்று. மீன்சுருட்டிக்கு நாங்கள் குடிவந்த வருஷமே இரண்டும் ஒட்டிக்கொண்டன. இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடிந்ததும் முந்திரிக்காட்டுக்குள் காளான் பொறுக்கப் போய்விடும். கறையான் புற்றோரம் முளைப்பதைப் பறிக்கலாம், சாணியில் முளைப்பதைத் தொடக் கூடாது, காரைப்பழம் எந்தப் புதரில் இனிக்கும், எல்லாவற்றுக்கும் "அக்கா சொல்லுச்சு"தான். நான் எம்.எஸ்சி. தாவரவியல். என்னிடம் ஒரு கேள்வி கிடையாது. எங்கே பறித்தாய் என்று கேட்டால், "சொல்லக் கூடாதும்மா" என்பாள். பதினொரு வயதுப் பெண்மேல் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அவளுடைய எண்ணெய் வைக்காத தலைகூட எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் வருவேன் என்று கூடவே கிளம்பிவிட்டேன். அந்தப் பெண் முன்னால், மகள் அவளை ஒட்டி, செருப்பில் சேறு அப்பக் கடைசியில் நான். ஆனால் அன்று முதலில் கண்டது நான்தான். ஒரு முந்திரி மரத்தடியில் மண்ணைப் பிளந்துகொண்டு ஏழெட்டு மொட்டுகள். "அதோ" என்று பெருமையாக விரலை நீட்டினேன்.

இரண்டும் மொட்டைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தன.

"வெரல நீட்டாதீங்க டீச்சர். மொட்டு அழுகிடும். மடக்கித்தான் காட்டணும்," என்றாள் அந்தப் பெண். "சீக்கிரம் வெரலக் கடிங்க."

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டிவிட்டு, அது அழுகாமலிருக்க நானும் சின்ன வயதில் விரலைக் கடித்தவள்தான். ஆனாலும் அவள் சொல்லி நான் செய்வதா? விரலுக்கும் காளானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அங்கேயே பாடம் எடுத்தேன். அவள் சருகை அள்ளி மொட்டுகளை மூடினாள். நாளைக்கு விரிந்ததும் பறிக்கலாம் என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மூவரும் போனோம். சருகை விலக்கினால், மொட்டுகள் கறுத்து நசநசவென்று கிடந்தன. புழு வைத்திருக்கும், அல்லது மழை அதிகமாகியிருக்கும். மகள் கண் கலங்க என் பக்கம் திரும்பினாள்.

"உன்னாலதாம்மா. அக்கா கடிக்கச் சொல்லுச்சுல்ல? இனிமே நீ வராத."

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"உங்கம்மாவால இல்லடி. சருகு மூடறப்ப நான்தான் மறந்துபோயி நீட்டிட்டேன்."

அவள் நீட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்காகத்தான் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தபோது நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏனென்றால் என் மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

"நீயாக்கா? பரவால்ல," என்றாள்.