சுட்டவரே அலறிய முதல் டேக்

1. விளாங்குடியில் உள்ள எங்கள் டப்பிங் ஸ்டுடியோவுக்குப் பழைய அமெரிக்கக் கௌபாய் படங்கள் மொத்தமாக வந்தன. ஒலிப்பதிவு என் வேலை.

2. ஒரு நடிகர் எல்லாவற்றிலும் அடியாளாக வந்தார். இடைவேளைக்கு முன்பே சுடப்பட்டுச் செத்தார்.

3. ஒரு முகத்துக்கு ஒரே குரல் என்பது ஸ்டுடியோ வழக்கம். அவருக்குக் குரல் சேவியர் அண்ணன். மிஷன் பள்ளியில் கிளார்க். வசனம் குறைவு. "ஐயோ ஆத்தா!" என்று அலறிச் சாவது மட்டும் உறுதி.

4. வயதானபின் அதே நடிகர் ஒரு டிவி தொடரில் ஊரைக் காக்கும் ஷெரிஃப் ஆனார். அந்தத் தொடரும் எங்களிடமே வந்தது.

அண்ணன் இத்தனை நாள் செத்ததெல்லாம் இதற்காகத்தான். முதலாளியோ ஷெரிஃபைத் தன் மச்சானுக்குத் தர நினைத்தார். நான் வழக்கத்தை நினைவூட்டினேன்.

"சரி, ஒரு டேக் பாப்போம். சொதப்புனா மச்சான் பேசட்டும்" என்றார்.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மச்சான் வெளியே வெந்நீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். திரையில் ஷெரிஃப் சுட்டார். ஹெட்போனில் வெடிச்சத்தம் கேட்டது.

"ஐயோ ஆத்தா!" என்றார் அண்ணன்.

முதலாளி கதவைத் திறந்தார். "அண்ணே, சுட்டதே நீங்கதான! குண்டு வாங்குனவன் சும்மா கெடக்கான், நீங்க எதுக்குக் கத்துறீக?"

"பழகிருச்சுண்ணே. வெடி கேட்டா வாய் தானா தெறக்குது."

மச்சான் செருமுவதை நிறுத்திவிட்டு எழுந்தார். நான் அண்ணனின் ஹெட்போனுக்குப் போகும் வெடிச்சத்த ட்ராக்கை மட்டும் மியூட் செய்தேன். அடுத்த டேக்கில் ஷெரிஃப் சுட்டார். அண்ணன் அலறாமல் வசனம் பேசினார்.

"இம்புட்டுதானா?" என்றார் முதலாளி. மச்சான் மீதி வெந்நீரைக் குடித்தார்.

தொடர் வளர வளர, அண்ணன் பெல்ட்டில் கட்டைவிரலைச் செருகியபடி நடக்கத் தொடங்கினார். கடைசி எபிசோடில் ஷெரிஃப் குண்டடிபட்டு இறக்கிறார். பழைய அலறல் வேண்டுமே என்று வெடிச்சத்த ட்ராக்கைத் திறந்துவிட்டேன். வெடித்தது. அண்ணன் அசையவில்லை.

"அண்ணே, இப்பக் கத்தணும்" என்றேன்.

"ஷெரிஃப் எப்புடிம்மா கத்துவாரு?"

"அண்ணே, படத்துல அவரு செத்துட்டாருண்ணே!" என்றார் முதலாளி.

"அது அமெரிக்காக்காரன் செஞ்ச தப்பு."

பழைய படத்திலிருந்து அவருடைய அலறலையே எடுத்து ஒட்டலாமா என்று கேட்டேன்.

"அது அடியாளு கத்துனதும்மா. ஷெரிஃபுக்கு ஒட்டாது."

எந்த ட்ராக்கையும் என்னால் மியூட் செய்ய முடியும். பதவியை முடியாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

கடைசி எபிசோட் இன்னும் வெளியாகவில்லை. அமெரிக்காவில் எப்போதோ செத்த ஷெரிஃப், விளாங்குடியில் நலமாக இருக்கிறார்.