முந்திக்கொள்ளும் உதடுகள்

பன்னிரண்டே முக்காலுக்கு மருந்தகத்தின் பின்வாசலில் நின்று, காலி அட்டைப் பெட்டிகளின் மூடிகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். எல்லா மூடியும் வேண்டாம். பெரிய எழுத்தில் ஆங்கிலச் சொல் அச்சாகியிருக்கும் மூடிதான் வேண்டும். கிடைத்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறாள். வழியில் தீயணைக்கும் கருவியில் ஒட்டியிருக்கும் நீளமான சொல்லுக்கு நேரே வந்ததும் கால் தயங்கும். புறங்கை தானாகத் தாடைக்குக் கீழே போகும். உதடுகள் மெல்ல அசைய, தாடை நான்கு முறை கையில் இடிக்கும். நான்கு துண்டு. தினமும் பார்க்கிற சொல்தான், தினமும் நான்குதான். இருந்தாலும் எண்ணாமல் அவளால் அதைத் தாண்ட முடியாது.

அவளுக்குச் சம்பளம், இந்த மருத்துவமனையின் கோப்பு அறையில் நோயாளிகளின் கோப்புகளை எண்வரிசையில் அடுக்குவதற்கு. சாப்பாட்டு நேரத்தில் வார்டு ஆட்களுக்கு ஆங்கிலம் படிக்கச் சொல்லித் தருவது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. மகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று பள்ளியில் சொன்ன வருடம், பக்கத்தில் உட்கார்ந்து தானும் சொல்லைப் பிரிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது மகள் அம்மாவின் உச்சரிப்பைத் திருத்துகிறாள். கற்ற வித்தை கையில் சும்மா கிடக்கவில்லை. அவள் சொற்களை வெட்டி வெட்டி, வீட்டில் செய்தித்தாள் ஓட்டை ஓட்டையாகத் தொங்குகிறது. "பேப்பரா வாங்கறோம், சல்லடையா வாங்கறோமா?" என்று கணவர் கேட்பார். மறுநாள் முதல் பக்கத்தை மட்டும் விட்டுவைப்பாள்.

வலது கையில் கத்தரிக்கோல், இடது கைக்கு எட்டும் தூரத்தில் டேப். இதுதான் அவளுடைய பாடசாலை. அட்டையிலிருந்து வெட்டிய சொல்லை மேசையில் வைத்து, "முதல்ல உயிரெழுத்தைத் தேடுங்க. ஒரு துண்டுக்கு ஒரு உயிர்ச் சத்தம் வேணும். இல்லாட்டி அது துண்டு இல்ல, வெறும் குப்பை" என்பாள். இரண்டு உயிருக்கு நடுவே இரண்டு மெய் நின்றால் அந்த இரண்டுக்கும் இடையில் வெட்டு. ஒரே மெய் நின்றால் அதற்கு முன்னால் வெட்டிப் பார். வாயில் சரியாக உட்காராவிட்டால் ஒரு எழுத்து தள்ளி வெட்டு. "தப்பா வெட்டினா என்ன, டேப் எதுக்கு இருக்கு?" என்பதை அவள் சொல்லாத நாள் இல்லை.

துண்டுகளுக்கு அவள் வைத்த பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. மெய்யில் முடிவது சாத்தின கதவு; உள்ளே உயிர் குறுகி ஒலிக்கும். உயிரில் முடிவது திறந்த கதவு; அங்கே உயிர் வாசலில் நின்று தன் பெயரையே உரக்கச் சொல்லும். சொல்லின் கடைசியில் சத்தமில்லாமல் நிற்கும் ஆங்கில 'ஈ' எழுத்து, மாமியார். "வாயே திறக்க மாட்டாங்க. ஆனா வாசல்ல வந்து நின்னாப் போதும், உள்ள இருக்கறவ குரலே மாறிடும்" என்று சொல்லிக்கொண்டே 'கிட்' என்ற அட்டையோடு அந்த எழுத்தைச் சேர்த்துக் 'கைட்' ஆக்குவாள். தன் மாமியாரைப் பற்றி அவள் பேசுவது அந்த ஒரு இடத்தில்தான்.

மாணவர்கள் ஒரு சமயம் ஐந்து பேர், ஒரு சமயம் இரண்டு பேர். தவறாமல் வருகிறவர்கள், தரை துடைக்கும் அக்காவும் பெட்டிக்காரரும். பெட்டிக்காரர் என்றால், வார்டுகளில் எடுத்த ரத்தக் குப்பிகளை நீலப் பெட்டியில் வைத்துச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவர். வயது ஐம்பது. பன்னிரண்டு வருடமாக ஓர் எழுத்தும் தெரியாமல், ஒரு பெட்டியும் தவறாமல் சேர்த்தவர். எக்ஸ்ரே அறை அவருக்குப் பெருக்கல் குறி. சோதனைக்கூடம், முன்னால் நெட்டைக் கம்பும் கடைசியில் தொங்கும் வாலும். அவருடைய பெட்டியில் ஒட்டியிருக்கும் சொல், முன்னால் பாம்பும் நடுவில் பொட்டு வைத்த குச்சியும். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு ஒரு முகம்.

போன வருடக் கடைசியில் கட்டடத்துக்கு வர்ணம் அடித்தார்கள். கதவுப் பலகைகளையும் மாற்றி, எல்லாச் சொல்லையும் ஒரே உயரப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார்கள். "எல்லாத்துக்கும் வாலை நறுக்கிட்டாங்க டீச்சர்" என்று இன்றும் அவர் குறைபட்டுக்கொள்வார். முன்னால் அதே கம்பு, கடைசியில் அதே எழுத்து என்று நம்பி, ஒரு காலை நேரம் பெட்டியைச் சலவைக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். லாபரட்டரிக்குப் போக வேண்டியது லாண்டரியில் நீராவிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருந்தது. ஏழு நோயாளிகளுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. கண்காணிப்பாளர் கத்தவில்லை. மூன்று மாதம் கழித்து மூன்று பலகைகளைப் படித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி வேறு ஆளுக்கு என்று மட்டும் சொன்னார். அப்படி ஆனால் பெட்டிக்காரருக்குச் சலவைக் கூடத்தில்தான் வேலை.

"தானாப் போன இடம்தானே, வழி தெரியும்" என்றாள் துடைக்கும் அக்கா.

"நீ வேற. நடந்துக்கிட்டே இருந்தா நான் மனுஷன். ஒரே இடத்துல நிறுத்தினா முட்டி ரெண்டும் பூட்டிக்கும்" என்றார் அவர். குரலில் சிரிப்பு இல்லை.

அந்த வாரமே வகுப்பில் சேர்ந்தார்; அங்கே அவர்தான் முதல். எந்தச் சொல்லை வைத்தாலும் அக்காவுக்கு முன்னால் சொல்லிவிடுவார். ஒன்றே ஒன்றுக்குத்தான் இணங்க மாட்டார்: தாடைக்குக் கீழே கை வைக்க. "பல்வலிக்காரன் மாதிரி இருக்கு." வேகமாகப் படிக்கிற ஆளை எதற்கு வற்புறுத்துவது என்று அவளும் விட்டுவிட்டாள். வீட்டில்கூட அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். அதிகம் பேசாதவள் அன்று இரண்டு முறை சொன்னாள்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் அவளுக்குச் சளி பிடித்தது. இருமுகிறவர்கள் முகக்கவசம் போட வேண்டும் என்பது மருத்துவமனை விதி. போட்டுக்கொண்டு வந்து, முந்தின நாள் அவர் படித்த 'பாஸ்கட்' என்ற அட்டையையே வைத்தாள். அவர் அட்டையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"என்னண்ணே, நேத்து படிச்சதுதானே?"

"நேத்து வாய் தெரிஞ்சுது."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. அக்காவுக்கு நேரமாகவில்லை. "அடப்பாவி மனுஷா. ரெண்டரை மாசமா அட்டையப் படிக்கலயா, டீச்சர் உதட்டைப் படிச்சியா?"

"அவங்கதான் எனக்கு முன்னாடியே சொல்லிடறாங்களே. சத்தம் மட்டும்தான் வராது" என்றார் பெட்டிக்காரர். திருடிய மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

அது உண்மை. யார் படித்தாலும் அவர்களுக்கு ஒரு துண்டு முன்னால் அவளுடைய உதடுகள் ஓடும். மகள் படிக்கிற காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். வாலும் கம்பும் பார்த்து ஒரு கட்டடத்தையே மனப்பாடம் செய்த கண்ணுக்கு, ஓர் உதட்டைப் படிப்பது எம்மாத்திரம். அவருடைய இரண்டரை மாதத்தைத் தின்றது தன் வாய்தான் என்று அவளுக்கு முகம் சுட்டது. கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"தப்பு என்னுதுண்ணே" என்று மட்டும் சொன்னாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். "இனிமே திரும்பக் கூடாது. கையைத் தாடைக்கு வைங்க."

"பல்வலி..."

"வந்தாச் சொல்லுங்க, மாடியில டாக்டர் இருக்கார்."

பன்னிரண்டு நாளும் அவர் சுவரைப் பார்த்துப் படித்தார். முதல் நாள் மூன்று சொல்லுக்கு வியர்த்துவிட்டது. ஐந்தாம் நாள் கத்தரிக்கோலைத் தானே வாங்கி வெட்டினார்; தப்பாக வெட்டி, டேப்பைக் கேட்டார். எட்டாம் நாள் அவர் டேப்பைக் கேட்கவில்லை, எட்டி எடுத்துக்கொண்டார். அவள் பின்னால் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். அங்கே அதைப் பார்க்க யாரும் இல்லை.

தேர்வு நாளில் பணியாளர் பெயர்ப் பட்டியல் கோப்போடு அவளையும் வரச் சொல்லிவிட்டார்கள். சளி விட்டிருந்தது, கவசம் இல்லை. தாழ்வாரத்தில் கண்காணிப்பாளர், பெட்டியோடு அவர், எதிர்ச்சுவரோரம் அவள். கையில் துடைப்பானோடு அக்கா அதே மூன்று அடித் தரையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு பலகைகளும் நடுவே வெட்டினால் உடைகிற சின்னச் சொற்கள். தடுமாறாமல் சொன்னார். மூன்றாவது, நேற்றுதான் மாட்டிய பலகை. சோதனைக்கூடத்தின் புதிய பக்கக் கதவில் இருந்தது. எல்லாம் பெரிய எழுத்து, பொட்டும் இல்லை, வாலும் இல்லை. அவர் நின்றார். கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பி எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

அவள் கோப்பைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டாள். மூக்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை அவரைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தன.

அவர் பெட்டியைத் தரையில் வைத்தார். போகிற வருகிற நர்சுகள் பார்க்க, புறங்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்தார்.

"ஸ்பீ... சி..." நிறுத்தினார். இடது கை காற்றில் எதையோ தேடியது. "இல்ல. ஒட்டிட்டு ஒரு எழுத்து தள்ளி வெட்டணும். ஸ்பெஸ்... இ... மென்." தாடை மூன்று முறை கையில் இடித்தது. பிறகு அவர் குனிந்து, காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பாம்பு, பொட்டு வைத்த குச்சி. "அட, ஸ்பெசிமென். பன்னெண்டு வருஷமா நான் தூக்கறதுதானே இது."

கண்காணிப்பாளர் தாளில் குறித்துக்கொண்டார். "சரி, எடுத்துட்டுப் போங்க. நேரமாச்சு."

பெட்டிக்காரர் அந்தக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு ஆடி நின்ற பிறகுதான் அவள் கோப்பை இறக்கினாள். இவ்வளவு நேரமும் பல்லுக்கு இடையில் பிடித்து வைத்திருந்ததில் கீழுதடு வெளுத்திருந்தது. அதை விடுவித்தாள். புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்து, பலகையைப் பார்த்து, அவருக்குப் பின்னால், சத்தமில்லாமல், மூன்று துண்டாக அந்தச் சொல்லைச் சொன்னாள்.