படிவத்தில் இல்லாத கட்டம்

இன்று முழுக்க மானாம்பதி ரோட்டுத் தரைப்பாலத்தருகே குடையோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். வெள்ளம் எத்தனை அடி ஏறினால் எந்த வண்டி நின்றுவிடும் என்று எங்கள் ரோடு ஆபீசில் கிராஃப் தாளில் வரைகிறார்கள். வண்டிகளை எண்ணித் தருவது என் வேலை.

பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். பஸ், லாரி, மாட்டுவண்டி, படிவத்தின் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்.

மத்தியானம் ஓர் அம்மா தூக்குச்சட்டியோடு வந்தார். அக்கரையில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்குப் பத்தியச் சோறாம்.

"தண்ணி எப்ப நைனா வடியும்?"

"நாளைக்குத்தாம்மா."

அக்கரையைப் பார்த்துவிட்டுத் தூக்கை என் பக்கம் நீட்டினார்.

"அப்ப நீயாச்சும் துன்னு. ஒண்டியா குந்திக்கினு கீறியே."

கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பிள்ளை பெற்றவளின் பூண்டுக்குழம்பை நான் சாப்பிட்டேன்.

வந்து திரும்பியவர்களுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. நீங்களாக இருந்தால் அந்த அம்மாவை எங்கே எழுதுவீர்கள்?