வராத அலையை நிறுத்திய கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். தோணியில் மீன்குழம்பு கொட்டிப்போன கதை, மாலத்தீவில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு திரிந்த கதை என்று வாராவாரம் இந்தப் பக்கத்தில் கூசாமல் எழுதுகிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் பேனாவை எடுத்தால் கை பின்வாங்கும். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வெட்கம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வெட்கம் தீர்ந்துவிட்டது.

மாப்பிள்ளையூரணியில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் புதுநன்மை – கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற விழா. பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். இலையில் பிரியாணி விழுந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, நம்ம தூத்துக்குடியில ஒரு பொம்பள சுனாமிய நிறுத்துனது தெரியுமா?”

தெரியாது என்றேன். சுனாமியை நிறுத்த முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

“தெரியாதா! இந்தா கேளுங்க” என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஆடியோவைப் போட்டார். பின்னணியில் கீபோர்டு இசை வேறு. யாரோ ஒருவர் குரலை நடுங்கவிட்டுப் பேசுகிறார்... பூகம்பம் வந்ததாம். ஊரே ஓடியதாம். ஒரு பெண் மட்டும் கையில் செபமாலையோடு, தோணி கட்டுகிற துறைமுக ஜெட்டியில் கடலைப் பார்த்து நின்றாளாம். பனைமர உயரத்துக்கு அலை எழும்பி வந்ததாம். செபமாலையைத் தூக்கிக் காட்டினாளாம். அலை மண்டியிட்டதாம்!

அலைக்கு ஏது முட்டி?

கதை இன்னும் முடியவில்லை. தோணியில் இருந்த அவள் புருஷன் வானத்தில் நீல வெளிச்சம் கண்டானாம். அதற்கு நடுவில் சாத்தான் ஒரு உப்பு லாரி டிரைவர் வேஷத்தில் வந்து, அவளை அந்த இடத்தைவிட்டு இழுத்துப்போகப் பார்த்தானாம்.

அந்த இடத்தில் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ஏனென்றால், அந்தப் புருஷன் நான்தான். நீல வெளிச்சமும் பார்க்கவில்லை, பச்சை வெளிச்சமும் பார்க்கவில்லை. அந்தப் பெண் என் மனைவி ரீத்தா – அப்போது இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாத்தானையும் எங்களுக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன்.

நான் அப்போது தோணியில் பண்டாரி. அதாவது சமையல்காரன். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில்தான் சாப்பாடு, தூக்கம், செபம் எல்லாம். பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடந்தாலும் வீட்டுக்குப் போவது வாரத்தில் ஒருநாள். வீடு கடற்கரை ரோட்டுக்கு இரண்டு தெரு பின்னால்.

ஒரு மத்தியானம். அடுப்பில் சாளைக்குழம்பு கொதிக்கிறது. திடீரென்று கரையில் ஒரே கூச்சல். ஆபீஸ்களில் இருந்தவர்கள் எல்லாம் பைலும் கையுமாக ரோட்டுக்கு ஓடி வருகிறார்கள். பூகம்பமாம்!

தோணியில் பூகம்பம் எப்படி இருக்கும் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஒன்றுமே இருக்காது. தினமும் ஆடுகிற தளத்தில் நிற்பவனுக்கு எந்த ஆட்டம் பூமியுடையது என்று எப்படித் தெரியும்? ஜெட்டியில் கட்டியிருந்த கயிறு இரண்டு தரம் விறைத்துத் தளர்ந்தது. அவ்வளவுதான். என் குழம்பு ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் டிவியில் சுனாமி எச்சரிக்கை ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெரிய சுனாமி வந்துபோய்ச் சில வருஷமே ஆகியிருந்த நேரம். ஊருக்குக் கேட்கவா வேண்டும்? ஜனம் மேற்கே பார்த்து ஓடியது. ஒரு கூட்டம் மட்டும் அலையைப் போட்டோ எடுக்கக் கடற்கரைக்கு வந்து நின்றது. பட்டாணி சுண்டல் விற்கிறவர்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இவர்கள் அசையவில்லை. சாவு வந்தாலும் செல்ஃபியோடு வரட்டும் என்று காத்திருந்த புத்திசாலிகள்!

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? நான் செய்ததைக் கேளுங்கள்.

எங்கள் தண்டல் – தோணிக்குக் கேப்டன் – மிக்கேல் அண்ணன் அடிக்கடி சொல்வார்: “சுனாமி நேரத்துல ஆழ்கடல்ல கெடக்குத தோணிக்கு ஒண்ணும் ஆவாதுலே. கரையிலதான் ஆபத்து.” அது உண்மைதான். அதில் பாதியைத்தான் என் மண்டை வாங்கிவைத்திருந்தது. தோணி பத்திரம்... அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

உடனே ரீத்தாவுக்குப் போன் போட்டேன். அதிசயமாக லைன் கிடைத்தது.

“பாப்பாவத் தூக்கிக்கிட்டு நேரா ஜெட்டிக்கு வந்துரு. தோணியில ஏத்திருதேன்.”

“என்னங்க சொல்லுதீங்க? இங்கன எல்லாரும் மேக்கதான ஓடுதாக?”

“ஊருக்கு என்ன தெரியும்? கடல்ல கெடக்கவன் நானா, அவனுகளா? வான்னா வா!”

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அன்றைக்கு விஞ்ஞானிபோலப் பேசினேன்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் துறைமுகத்திலிருந்து உத்தரவு வந்தது. கட்டிக் கிடக்கிற எல்லாத் தோணியும் உடனே வெளியே போக வேண்டும். மிக்கேல் அண்ணன் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“அண்ணே, பத்து நிமிசம். ரீத்தாவும் புள்ளையும் வந்துக்கிட்டு இருக்காக.”

“எங்க?”

“இங்கதான். நான்தான் வரச் சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

“ஏலே வின்சென்டு... கடலு வருதுன்னு எல்லாரும் ஓடுதான். நீ பொண்டாட்டியக் கடலுக்கா வரச் சொன்ன? இந்தத் தோணியில எட்டு உசுரு நிக்குதுலே. அவுருங்கலே கயிற!”

கயிறு அவிழ்ந்தது. இன்ஜின் போட்டாயிற்று. நாங்கள் ஒரு கூப்பிடு தூரம் போயிருப்போம்... ஜெட்டி முனையில் ரீத்தா வந்து நின்றாள். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. கையில் செபமாலை. வீட்டில் அவள் செபமாலை இல்லாமல் மாவுகூட அரைக்கமாட்டாள்.

“போ! திரும்பிப் போ!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவள் ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். அப்படியே நின்றாள். புருஷன் நிற்கச் சொன்ன இடம் அது. நின்றாள்.

எனக்கு நீச்சல் தெரியாதா? கடலில் விழுந்து எழுந்து வளர்ந்தவன். குதித்திருந்தால் ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். குதிக்கவில்லை. கால் நகரவில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பயம்.

இத்தனை வருஷம் நான் எழுதாத வரி இதுதான்.

வெளியே ஆழமான இடத்தில் போய்க் கிடந்தோம். கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. நான் ஐம்பது தடவையாவது போன் போட்டிருப்பேன். லைனே இல்லை. தளத்தில் முழங்காலில் நின்று ‘அருள் நிறைந்த மரியே’ ஆரம்பிப்பேன், பாதியில் அறுந்துபோகும். திரும்ப ஆரம்பிப்பேன். மிக்கேல் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

“செவம் சொல்லுலே, நல்லாச் சொல்லு. அப்படியே ஒன் புத்திக்கும் சேத்து செபமாலையில இன்னொரு பத்துமணி உருட்டிரு.”

பொழுது சாய்கிற நேரத்தில் லைன் கிடைத்தது. ரீத்தா பேசினாள். கடலைவிட்டுத் தள்ளி, மேற்கே மில்லர்புரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் இருக்கிறாளாம். பாப்பா பன் தின்கிறாளாம்.

எப்படி? ஜெட்டியில் உப்பு மூட்டையை இறக்க வந்திருந்த ஒரு லாரி, இறக்காமலேயே திரும்பியிருக்கிறது. டிரைவர் இவளைப் பார்த்துவிட்டு பிரேக் போட்டிருக்கிறார்.

“ஏளா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு இங்கன என்ன வேடிக்க?”

“எங்க வீட்ல அவுகதான் இங்கன நிக்கச் சொன்னாக.”

“அப்பம் கிறுக்கு அவனுக்குத்தான். ஏறு வண்டில!”

“இல்லண்ணே, அந்தத் தோணியிலதான் இருக்காக, வந்துருவாக...”

“வந்துருவானா? அந்தா போறான் பாரு! நீ ஏறுதியா, இல்ல புள்ளைய மட்டும் கொண்டு போவட்டா?”

சொல்லிக்கொண்டே பிள்ளையைப் பிடுங்கி வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டார். பிள்ளை போன பிறகு தாய் நிற்பாளா? ஏறிவிட்டாள். வழியெல்லாம் ஏச்சு. பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் பிள்ளைக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

இதுதான் ஆடியோவில் வந்த சாத்தான்.

அன்றைக்கு அலை வரவில்லை. பனைமர உயரத்துக்கும் வரவில்லை, கணுக்கால் உயரத்துக்கும் வரவில்லை. எச்சரிக்கையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனால் நம் ஆட்களுக்கு வராத அலையை நிறுத்தவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. தூரத்தில் நின்று ரீத்தாவைப் பார்த்த யாரோ ஒருவர் சொன்ன கதை, வாய்க்கு வாய் ஒரு முழம் வளர்ந்து கடைசியில் கீபோர்டு இசையோடு என் இலைக்கே வந்துவிட்டது.

எனக்கு விசுவாசம் இல்லையா? செபமாலை சொல்லாமல் நான் அடுப்புப் பற்றவைத்த நாள் கிடையாது. மாதா நினைத்தால் கடலை நிறுத்துவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவளுக்குப் புகழ் சேர்க்க நாம் பொய் சொல்ல வேண்டுமா? அவள் என்ன தேர்தலிலா நிற்கிறாள்?

அப்போதே ஒரு மாதம் தேடி அந்த டிரைவரை ஆறுமுகநேரி உப்பளத்தில் கண்டுபிடித்தோம். சுடலைமுத்து என்று பெயர். ஒரு கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய் நின்றோம். மனிதர் கூசிப்போனார்.

“நான் என்னத்தப் பெருசாச் செஞ்சுட்டேன் தங்கச்சி? அலைதான் வரலையே. ஒன்னைய அந்த ஏச்சு ஏசிட்டேன். அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.”

பிறகு என் பக்கம் திரும்பினார். மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதான் அந்த ஆளா?”

“ஆமா அண்ணாச்சி.”

“சரி... நான் ஒண்ணும் சொல்லல” என்றார்.

பந்திக்கு வருவோம். ஆடியோ முடிந்ததும் நான் ரீத்தாவைக் கூப்பிட்டேன். “அண்ணாச்சி சொன்ன பொம்பள இவதான்” என்றேன். பெரியவர் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார். தன் மூட்டுவலிக்குக் கை வைத்து ஒரு செபம் சொல்லச் சொன்னார்!

ரீத்தா பதறிப்போனாள். “ஐயோ, நான் ஒண்ணும் செய்யல. ஒரு லாரிக்கார அண்ணன்தான் எங்களக் கொண்டுபோய் விட்டாரு.”

பெரியவர் என்னைப் பார்த்துக் கண் கலங்கச் சொன்னார்: “பாத்தீங்களா அண்ணாச்சி... என்ன ஒரு தாழ்ச்சி!”

இவர்களோடு என்ன பேசுவது? உண்மையைச் சொன்னால் அதையும் அற்புதத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். கையலம்பிவிட்டு வந்து, அன்று சாயங்காலமே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே வாசகர்களே, இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். அந்த ஆடியோ போன இடமெல்லாம் இதுவும் போகட்டும். ஆனால் ஒரு எழுத்தைக் கூட்டாதீர்கள், ஒரு எழுத்தைக் குறைக்காதீர்கள். நீல வெளிச்சம் வேண்டாம். கீபோர்டு வேண்டாம். நான் குதிக்கவில்லை என்ற வரி இருக்கட்டும். சுடலைமுத்து அண்ணாச்சியின் ஏச்சை மரியாதையான தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள்.

மற்ற பெண்களுக்கெல்லாம் சம்மனசு, அதாவது தேவதூதர், மாதாவிடம் வந்ததுபோல ‘வாழ்க’ என்று சொல்லிக்கொண்டு வரட்டும். என் வீட்டுக்கு ‘கிறுக்கா புடிச்சிருக்கு’ என்று கேட்டுக்கொண்டுதான் வந்தது.