நகம் பட்ட இடம்

ஆறிப்போன தேயிலைத் தண்ணீரில் இரும்புப் பஞ்சைத் தோய்த்துப் பிழிந்து, மெர்ல் ஹூக்ஸ்ட்ரா ஒரு செயின் கவரை விளிம்போரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது பழைய சைக்கிள் ஒன்றின் சிவப்பு செயின் கவர். நாலு இழுப்பு இழுப்பார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி இழுப்பார். பளபளப்பு மங்க வேண்டும், ஆனால் தேய்த்த தடம் தெரியக் கூடாது. குழந்தைக்கு முகம் துடைப்பது போல அவ்வளவு பதமாகத் துடைத்தார்.

அவர் மனைவி ஆர்டித் கராஜ் கதவில் நின்று பார்த்தார். அந்த வீட்டில் இருவருக்கும் காப்பிதான். தேநீர் குடிப்பவர் யாரும் இல்லை. அடுக்களைத் தொட்டிக்குக் கீழே இருந்த ஓவன் கழுவும் நுரை டப்பாவும் போன வாரமே காணாமல் போயிருந்தது. முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஆர்டித். யார் மாத்திரையை விழுங்கினார்கள், யார் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை வாயைத் திறக்கச் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். அன்று சாப்பாடு ஆறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மெர்லுக்கு எழுபதை நெருங்கும் வயது. வேலைக்காலம் முழுவதும் பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர். விரல் கணுக்கள் இஞ்சிக் கிழங்கு போல வீங்கிவிட்டன. தரையிலிருந்து எழுந்திருக்க முதலில் பெஞ்சைப் பிடிப்பார், அப்புறம் ஒரு முட்டி, அப்புறம் மற்றொன்று. சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும். மேற்கு மிச்சிகனில் அவருடைய தேவாலயச் சபைக்காரர்கள் அதைப் பிரசங்கத்தின்போது வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். மெர்லுக்குப் பேச்சு வராத நேரமெல்லாம் பிரசங்க நேரம்தான்; ஒரு மிட்டாய் வாய்க்குள் போகும். துருப்பிடித்த போல்ட்டோடு மட்டும் நன்றாகப் பேசுவார். "வாடா தங்கம், வந்துடு, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று கெஞ்சுவார். பெற்ற பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

அவருக்குப் பைத்தியம் ஒரே வகைச் சைக்கிள் மேல்தான். 1960களின் கடைசியில், பந்தயக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏங்கிய பிள்ளைகளுக்காகச் செய்த மஸில் சைக்கிள். முன்சக்கரம் சிறியது, பின்சக்கரம் தடியானது. ஹேண்டில்பார் மான்கொம்பு போல மேலே எழும்பி நிற்கும். சீட் வாழைப்பழம் மாதிரி நீளம். நடுக் கம்பியில் காருக்கு இருப்பது போல ஒரு கியர்த் தண்டு. அதில் கால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் எந்தக் கிழவனும் சர்க்கஸ் கரடி போலத்தான் தெரிவான். மெர்லும் அப்படித்தான் தெரிந்தார். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

அவர் சொந்தமாகக் கட்டிய சைக்கிள் ஊதா நிறம். சட்டகம் யாரோ ஒருவருடைய கோழிக்கொட்டகையில் கிடந்தது. கியர்த் தண்டின் குமிழ் பழைய பள்ளி பஸ்ஸினுடையது. சீட்டுக்குப் பின்னால் உயரமாக வளைந்து நிற்கும் முதுகுக் கம்பி, ஆர்டித்தின் அம்மா கடைசிக் காலத்தில் பிடித்து நடந்த நடைச்சட்டத்தின் கால். அதை வெட்டட்டுமா என்று மெர்ல் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "எடுத்துக்கோ. சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார் ஆர்டித். ஊதாவுக்கு மேல் மினுக்குத் தூள், அதற்கு மேல் வெள்ளியில் மயிரிழைக் கோடுகள். அந்தக் கோடுகளுக்காகவே குளிர்காலம் முழுவதும் கராஜில் கிடந்தார்.

ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சைக்கிள் அல்ல, வலது கட்டைவிரல் நகம். கைவீக்கத்தால் நகவெட்டியைப் பிடிக்க முடியாத கணவருக்கு வாரம் ஒருமுறை ஆர்டித் நகம் வெட்டிவிடுவார். ஒன்பது விரலை நீட்டுவார் மெர்ல். பத்தாவதை மடக்கிக்கொள்வார். அந்த நகம் அவருடைய கருவி. பழைய சைக்கிள்களில் எழுத்துகளைத் தொழிற்சாலையிலேயே வண்ணத்தோடு பதித்திருப்பார்கள். பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர் என்றால், எத்தனை பூச்சு போட்டு மறைத்தாலும் ஓரத்தில் ஒரு சின்னப் படி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படி நகத்துக்குத் தட்டும். "என்னக் கேக்காத, நகத்தக் கேளு" என்பார் மெர்ல். அந்த நகம் இதுவரை எத்தனையோ பேர் முகத்தைத் தொங்கவைத்திருக்கிறது. அவருக்கு அதில் கொஞ்சம் ருசியும் உண்டு.

இரும்புப் பஞ்சால் அவர் தேய்த்துக்கொண்டிருந்த கவர் அவருடையது அல்ல. கோர்டி ஜில்ஸ்ட்ராவினுடையது.

கோர்டி பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. பன்னிரண்டு வயதில் வாங்கிய 'காமெட்' சைக்கிளை இன்றும் அப்படியே வைத்திருப்பவர். டயரைத் தவிர எதையும் மாற்றியதில்லை. ஒரே ஒரு குறை உண்டு. அவர் அப்பா ஒரு கோடையில் கொட்டகைக்கு அடித்த பச்சைப் பெயின்ட் மிச்சத்தைச் செயின் கவர் மேலும் அடித்துவிட்டார். அதற்குக் கீழே சிவப்பும் வெள்ளை எழுத்தும் பத்திரமாக இருக்கும் என்று கோர்டி ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குப் பார்க்கின்சன். கை நடுக்கத்தில் காப்பிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கிறார். கவரை மெர்லிடம் கொண்டுவந்து கொடுத்து, "அந்தப் பச்சைய மட்டும் எடுத்துக் குடுடா. இந்தத் தடவ கண்காட்சியில கைபடாத வரிசையில நிறுத்தணும். அடுத்த வருஷம் நான் எப்படி இருப்பனோ" என்றார்.

வழி மெர்லுக்குத் தெரியும். ஓவன் நுரையைப் பூசினால் மேலே இருக்கும் வீட்டுப் பெயின்ட் முதலில் இளகும். உடனே துடைத்துவிட வேண்டும், மறுபடி பூசித் துடைக்க வேண்டும். பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் துடைப்பிலேயே பச்சைக்கு அடியில் வெள்ளை 'கா' எட்டிப் பார்த்தது. அவர் இன்னொரு தடவை நுரையைப் பூசிவிட்டுத் திரும்பினார். எதிரே அவருடைய ஊதா நின்றது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில் ஒரு வெள்ளிக் கோடு பாதியில் நின்றிருந்தது. அதை மட்டும் முடித்துவிடலாம் என்று தூரிகையை எடுத்தார். கோடு அழகாக வந்தது. அதற்கு ஜோடிக் கோடும் வந்தது. திரும்பி வந்து கவரைத் துடைத்தபோது பச்சையோடு சிவப்பும் வந்தது, சிவப்போடு எழுத்தும் வந்தது. துணியில் மூன்று நிறமும் இருந்தன. கையில் வெறும் தகரம் இருந்தது.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிவப்பு அடித்தார். அச்சு அசலாக விற்கும் ஸ்டிக்கரை வரவழைத்து ஒட்டினார். மேலே நிறமில்லாத தெளிபூச்சு கொடுத்து, தேயிலையாலும் இரும்புப் பஞ்சாலும் அதற்கு ஐம்பது வயது ஏற்றினார். மற்றவர்கள் செய்தால் மோசடி என்று அவர் சொல்லும் அத்தனையையும் ஒழுங்காகச் செய்தார்.

கவரை வாங்கிக்கொண்ட கோர்டி நடுங்கும் விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். அந்த விரல்களுக்கு இப்போது சட்டைப் பொத்தானே சரியாகத் தெரிவதில்லை. "அப்பா மேல இருந்த கோவமே போச்சுடா" என்றார். மெர்ல் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

கண்காட்சி ஏப்ரலில், மாவட்டச் சந்தைத் திடலின் மாட்டுக்கொட்டகையில் நடக்கும். வைக்கோல் வாடையும் மெருகு எண்ணெய் வாடையும் கலந்து அடிக்கும். வெள்ளிக்கிழமை மதிப்பீடு. கைபடாதவை, புதுக்கியவை, மாற்றிக் கட்டியவை என்று மூன்று வரிசை. கோர்டியின் காமெட் முதல் வரிசையில் நின்றது. மெர்லின் ஊதா மூன்றாவதில்.

நடுவர் லவோன், தீவனக் கடைக்காரி, காமெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாசல் வழியாகச் சாய்ந்து விழுந்த வெயிலில் செயின் கவரில் அவருக்கு எதுவோ உறுத்தியது. குனிந்து பார்த்தார். பிறகு வழக்கமாகச் செய்வதைச் செய்தார்.

"மெர்ல், இங்க வா. உன் நகத்தக் கொண்டா."

ஆர்டித் கையில் காப்பியோடு கொஞ்சம் தள்ளி நின்றார். கணவர் நடந்து வருவதைப் பார்த்தார். நடையில் வித்தியாசம் இல்லை; காதுகள் மட்டும் சிவந்திருந்தன. 'அசல்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லவோன் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவார். மெர்ல் பக்கத்திலிருந்த பெஞ்சைப் பிடித்துக் குனிந்தார். நகத்தை எழுத்தின் ஓரத்தில் வைத்து இழுத்தார். நின்ற இடத்திலேயே ஆர்டித்துக்குத் தெரிந்தது, நகம் தட்டிவிட்டது.

"ஸ்டிக்கர்" என்றார் மெர்ல்.

அவரால் நகத்தைப் பொய் சொல்ல வைக்க முடியவில்லை. அதற்கு அப்புறம் சொல்ல வேண்டிய மூன்று வார்த்தையையும் சொல்ல முடியவில்லை.

எல்லாத் தலையும் கோர்டி பக்கம் திரும்பியது. புதுக்கியவை வரிசையிலிருந்து டிர்க் என்பவர் சிரித்தார். அவருடைய மட்கார்டு எழுத்தை ஒரு காலத்தில் இதே நகம் காட்டிக்கொடுத்திருந்தது. கோர்டியும் அன்று பக்கத்தில் நின்று உபதேசம் செய்தவர்தான். "என்ன கோர்டி, எங்களுக்கு அவ்வளவு பாடம் எடுத்துட்டுக் கடைசியில நீயுமா? மேல ஒரு ரிப்பனும் கட்டியிருக்கலாமே."

கோர்டி கவரைப் பார்த்தார். பிறகு மெர்லைப் பார்த்தார். அந்தப் பார்வை ரொம்ப நேரம் நிற்கவில்லை. கையை, நடுக்கம் தெரியாமல், பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வயசாச்சுல்ல, எனக்கும் கொஞ்சம் பவுடர் பூசிக்கணும்னு ஆசை" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கவரைக் கழுவிக் கொடுத்தது யார் என்று கோர்டி சொல்லவில்லை. காமெட்டை உருட்டிக்கொண்டுபோய்ச் சுவரோரம், எந்த வரிசையிலும் சேராத இடத்தில் நிறுத்தினார்கள். மாலையில் மாற்றிக் கட்டியவை வரிசையில் முதல் பரிசு ஊதாவுக்கு. அந்தக் கோடுகள்தான் தன்னை மயக்கிவிட்டன என்று லவோன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பழைய பெடல் ஒன்றைப் பலகையில் பொருத்திய பரிசுக் கோப்பை அது. மெர்ல் அதை இரண்டு கையாலும் வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

வீடு திரும்பும் வழியில் கோப்பை வேனின் பின்சீட்டில் புரண்டு புரண்டு இடித்தது. நிறுத்தி அதை ஒரு கந்தலால் அண்டை கொடுக்க மெர்ல் இறங்கவில்லை. மற்ற நாளென்றால் இறங்கியிருப்பார். ஆர்டித் ஊர் எல்லை வரும்வரை பொறுத்தார்.

"கோர்டிக்குக் கைதான் நடுங்குது" என்றார். "உனக்கு?"

மெர்ல் பைக்குள் கைவிட்டு மிட்டாய் தேடினார். தீர்ந்துபோயிருந்தது.

"எப்பத் தெரியும்?" என்றார்.

"டீத்தூள் வாங்குனியே, அன்னிக்கே."

"ஏன் சொல்லல?"

"உன் வாயில மாத்திரை இருந்துச்சு. நீயா துப்புவ, இல்ல முழுங்குவன்னு பாத்தேன்."

கெஞ்சியும் ஏசியும் ஒருவரைச் சாப்பிட வைக்கலாம், குளிக்க வைக்கலாம், இதைச் செய்ய வைக்க முடியாது என்பது ஆர்டித்துக்குத் தெரியும். இரவு உணவில் உருளைக்கிழங்கு வைத்தார். மெர்ல் அதைத் தட்டில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார்.

சனிக்கிழமை காலை தீயணைப்புத் தொண்டர்கள் கொட்டகையிலேயே தோசைக்கல் போட்டு பான்கேக் சுட்டுக் கொடுப்பார்கள். சைக்கிள்காரர்கள் எல்லோரும் நீள மேஜைகளில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கோர்டி வரமாட்டார் என்று சிலர் சொன்னார்கள். வந்திருந்தார். மேஜைக் கோடியில், இறைச்சித் துண்டை முள்கரண்டியால் குத்த முயன்றுகொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

மெர்ல் தட்டு வாங்கவில்லை. நேராகச் சுவரோரம் போனார். காமெட்டை உருட்டிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே வந்தார். அதன் பின்சக்கரம் கிரீச்சிட்டதில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. ஸ்டாண்டைப் போட்டார். பிடிக்க எதுவும் இல்லாமல், முதலில் ஒரு முட்டி, அப்புறம் மற்றொன்று என்று தரையில் இறங்கினார். கட்டைவிரல் நகத்தை எழுத்தின் ஓரத்துக்கு அடியில் நுழைத்து நெம்பினார். தெளிபூச்சு நொறுங்கியது. ஸ்டிக்கர் 'கா' வரை சுருண்டு வந்தது. அதோடு நகமும் குறுக்கே பிளந்தது.

"இத ஒட்டுனது நான்" என்றார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "கோர்டிக்குத் தெரியாது. கீழ எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. என் வண்டிக்குக் கோடு போட்டுக்கிட்டு இருந்தேன், இது வெந்துபோச்சு."

டிர்க் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார். லவோன் காப்பியைக் கீழே வைத்தார்.

கோர்டி முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் பிடித்தது. மண்டியிட்டுக் கிடந்த மெர்லுக்குப் பக்கத்தில் நின்று, பாதி உரிந்த கவரைக் குனிந்து பார்த்தார். அவர் கை தன் பாட்டுக்கு ஆடியது. இன்று அதைப் பைக்குள் வைக்கவில்லை.

"மிச்சத்தையும் உரிடா" என்றார். "பாதியில விட்டா அசிங்கமா இருக்கு."

மெர்ல் பிளந்த நகத்தாலேயே மிச்சத்தையும் உரித்தார். அதிக நேரம் ஆனது. யாரும் உதவிக்கு வரவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. முடிந்ததும், சுருண்ட துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆர்டித் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து பெஞ்சில் அமர்ந்தார். நகத்தோரம் ரத்தம் கசிந்தது.

ஆர்டித் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். மெர்ல் வலது கட்டைவிரலை நீட்டினார்.