பெயர் எழுதாத பெட்டி

பாளையங்கோட்டை மைதானத்தில் காலையில் என்னோடு ஓடிய இளைஞர் அவர். ஒல்லியான உடம்பு, வெயிலில் கருத்த பிடரி. ஓடி முடித்ததும் ஷூக்களைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சீவலப்பேரி பஸ்ஸுக்கு நடப்பார்.

"ராணுவ அகாடமி காத்திருப்புப் பட்டியல்ல மொத ஆளு நாந்தான் வே. எவனாவது விலகுனா எனக்கு இடம். இந்த வருசத்தோட வயசு வரம்பு முடியுது. டிரங்குப் பெட்டிகூட வாங்கியாச்சு, பேரு மட்டும் எழுதல. ஒமக்கு என்னாச்சு?" என்று ஒருநாள் கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் வரல" என்றேன்.

உண்மையில் அதே அகாடமியில் எனக்கு இடம் கிடைத்து, சம்மதக் கடிதமும் அனுப்பியிருந்தேன். ஆனால் ஆசையெல்லாம் விமானப்படை மேல். அங்கே நானும் காத்திருப்புப் பட்டியலில்தான் இருந்தேன். இரண்டுக்கும் முயன்றது தப்பில்லை என்று இப்போதும் வாதாடுவேன். விமானப்படை அழைத்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று விலகல் கடிதத்தைப் பத்து நாள் மேசையில் வைத்திருந்தேனே, அதற்குத்தான் வாதம் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்தபோது சேர்க்கை முடிந்திருந்தது. நான் விட்ட இடம் யாருக்கும் போகவில்லை.

அவர் அப்புறம் ஓட வரவில்லை. விசாரிக்கலாம் என்றால், பெட்டியில் எழுதக் காத்திருந்த அந்தப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.